‘பா’வை ‘மா’வாக்கிய புஷ்பா அக்கா

தேக்கா சந்தையில் உட்கார்ந்து தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. புஷ்பா அக்காவின் மகள். “மாமா, அம்மா காலைல தூக்கத்திலேயே போயிட்டாங்க” என்றாள். அந்த நொடியில் சிராங்கூன் சாலைப் பேருந்துகளெல்லாம் நின்றுவிட்டன. சாங்கியில் இறங்க வந்த விமானங்கள் வானத்திலேயே தலை குனிந்தன. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் குவளையில் ஆடை கட்டியது மட்டுமாவது உண்மை.

நம் மரபு நடைக் குழுவில் அக்காவை அறியாதவர் யார்? பிடோக்வாசி. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உண்மையில் அந்தக் குரலுக்குத் தொலைபேசியே தேவையில்லை. தேக்காவில் நின்று “ஹலோ” என்றால் தீவின் மறுகோடியான துவாஸில் கப்பல் கட்டுகிறவர் “யாரு?” என்று திரும்பிப் பார்ப்பார். ஓய்வுக்குப் பின் அந்தக் குரலை, இன்று இல்லாத கட்டடங்களைச் சுற்றிக்காட்டுவதற்கே செலவழித்தார்.

ஒருமுறை, நடைக்கு வந்தவர்களை ஒரு சந்து முனையில் நிறுத்தினார். கண்களைப் பாதி மூடிக்கொண்டு, “ஓரமா நில்லுங்க, மாடு வருது” என்றார். அத்தனை பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஈர வைக்கோல் வாசனை எழுந்தது. கழுத்து மணிகள் மிதந்து வந்தன. ஒரு டாக்ஸி பொறுமையாக வழிவிட்டது. கடைசி மாடு வாலை ஆட்டியபடி கைப்பேசிக் கடைக்குள் மறைந்த பிறகுதான் “இப்ப நடக்கலாம்” என்றார். ஒரு பெண்மணி செருப்பைத் திருப்பி, சாணம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்ததை இந்தக் கண்களால் கண்டேன். “கண்ணுக்குத் தெரியறதைக் காட்ட நான் எதுக்குலா?” என்பார் அக்கா.

அந்தச் சந்தில்தான் அவருடைய அப்பா மாடு வைத்துப் பால் கறந்தார். அங்கே ஒரு மரபுப் பலகை வரப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா பட்டுச் சேலையை எடுத்து வெளியே வைத்தார். பலகையும் வந்தது. மற்ற மூன்று மொழிகளில் மாடுகள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. தமிழில் மட்டும், ‘இங்கே ஒரு பாட்டுக் கொட்டகை இருந்தது.’ ‘மா’ நிற்க வேண்டிய இடத்தில் ‘பா’. ஒரு சுழி போனதில் ஒரு மந்தையே காணாமல் போயிருந்தது.

“எங்கப்பா என்ன பாட்டு வாத்தியாராடா?”

“பாட்டுக் கொட்டகைன்னா கௌரவமா இருக்கேக்கா. விட்டுருங்களேன்” என்றேன்.

“கௌரவமா? அந்தப் பால் காசுலதான்டா நான் படிச்சேன். அவரு பேரு பலகைல வேணாம். அவரோட மாடாவது நிக்கணும். என் கண்ணு மூடறதுக்குள்ள.”

மறுநாளிலிருந்து தினமும் காலையில் பலகை வைத்த அலுவலகத்துக்கு ஃபோன். “வணக்கம், மாடு வந்துச்சா?” எடுக்கிற பெண்ணும் நாளடைவில் பழகிவிட்டாள். “வந்துக்கிட்டே இருக்கு ஆன்ட்டி. வழியில புல்லு மேயுது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் அக்காவும் அங்கே நின்றிருந்தோம். துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: “அம்மா, இங்க பாடலாமா? போட்டிருக்கே.”

இடி விழப்போகிறது என்று குடையை விரித்தேன். அக்காவோ, “பாடுங்க தம்பி” என்றார்.

அவர் ஊர் நடவுப் பாட்டு ஒன்றைத் தணிந்த குரலில் பாடினார். மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சத்தில் சந்து தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பி மிதந்தது. பாட்டு முடிந்தும் அக்கா கண் திறக்கவில்லை. அப்படியே, வார்த்தை இல்லாத ஒரு மெட்டை மெல்ல இழுக்கத் தொடங்கினார். துவாஸை எட்டும் அந்தக் குரல், பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

“கறக்கும்போது அப்பா இப்படித்தான் இழுப்பாரு” என்றார். “இது கேட்டாத்தான் மாடு பாலை இறக்கும். இத்தனை வருஷமா எங்கடா மறந்து கிடந்தது?”

“பாத்தீங்களாக்கா! பலகை சரியாத்தான் சொல்லியிருக்கு.”

“மூளை இருக்காலா உனக்கு? மாடு இல்லாம அவரு யாருக்குப் பாடினாரு? நாளைக்கும் ஃபோன் போடுவேன்.”

போட்டார். விடாமல் போட்டார். கடைசியில் மாடு வந்தது. பட்டுச் சேலையோடு போய், புதிய பலகையில் ‘மா’வின் சுழியை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “கட்டியாச்சு” என்றார். அதன்பின் சில வாரங்களே நம்மோடு இருந்தார்.

நண்பர்களே, அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மெட்டுதான். அவர் மகள் அதைக் கேட்டதே இல்லையாம். போன வாரம் பிடோக் வீட்டில் அவளுக்குப் பாடிக் காட்டினேன். “இன்னொரு தடவை, மாமா” என்றாள். இன்னொரு தடவையும் பாடினேன். அதில் ஒரு சங்கதிகூட நான் கூட்டவில்லை.