அமிர்தநாதனின் இடது கை

எங்கள் தோட்டத்து உபதேசியார் அமிர்தநாதனுக்குக் குறை சொல்லவே தெரியாது. நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் ஆறு நாளும் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் வேலை, ஞாயிற்றுக்கிழமை சின்னக் கோயிலில் பிரசங்கம். நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகினால், “தண்ணிக்கிப் பஞ்சமில்ல” என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவருக்குப் பிடித்த பிரசங்கம் வலது கையைப் பற்றியது. பழைய ஏற்பாட்டில் பகைவனை நொறுக்கியது கர்த்தரின் வலது கை, ராசா தன் தாயை உட்காரவைத்தது வலது பக்கம் என்று அடுக்குவார். “ஆசீர்வாதம்னா வலது கைதாங்க. இடது கையில வெத்தல குடுத்தா நாம வாங்குவோமா?” என்று முடிப்பார். நாங்களும் தலையாட்டுவோம்.

பிள்ளை பெற்றவள் மறுபடி கொழுந்தெடுக்கப் போகுமுன் பிள்ளையை அவரிடம்தான் கொண்டுவருவாள். அவர் தலையில் கை வைத்து ஜெபித்த பிறகுதான், பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுப்போக மனம் வரும்.

ஐம்பத்தெட்டாம் வருசம் ரோலர் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், “உசிரு இருக்கே” என்று சிரித்தார். இடது கையால் சாப்பிடப் பழகினார், பழையபடி பாடினார். பிள்ளைகள் தலையில் மட்டும் கை வைக்க மறுத்தார். நுணலும் தன் வாயால் கெடும். இத்தனை வருசம் பேசிய பேச்சே மனுசனைக் கட்டிப்போட்டுவிட்டது.

அப்போதுதான் இராசம்மா வந்தாள். என் பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து மூன்றாவதைப் பெற்றிருந்தாள். மறுநாள் வேலைக்கு இறங்க வேண்டும். பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆராதனை முடிந்ததும் பிள்ளையை அவர் முன்னால் நீட்டினாள்.

“வேணாம்மா. இது கழுவுற கை.”

“ஐயா, நான் வலியில கெடந்தப்ப வாசல்ல நின்னு என்னா ஜெபிச்சீங்க? கர்த்தர் நம்ம வலது கையப் புடிச்சிக்கிட்டு, பயப்படாதேன்னு சொல்றாருன்னு தானே?”

“ஆமா, வேதத்துல அப்படித்தான் இருக்கு.”

“அப்ப ஒங்க வலது கை அவருகிட்ட இருக்கு. எம் புள்ளைக்கி மிச்சமிருக்கிற கைய வைங்க.”

அமிர்தநாதன் பிள்ளையைப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு இடது கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பிள்ளையின் தலையில் வைத்தார். பழையபடி சத்தமாக ஜெபித்தார். பார்த்துக்கொண்டிருந்த நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை இராசம்மா பிள்ளையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மலை ஏறினாள்.