பெட்டியில் கைவைத்துக் கேட்டவர்

மாத்தளை டவுனில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். ஒரு சாமான் வேலை செய்யவில்லை என்றால் உள்ளே எங்கோ ஒரு வயர் விட்டிருக்கும், அவ்வளவுதான் என்று நினைக்கிற ஆள். கடை வாசலில் என் மனைவி திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழத்தைக்கூட அவிழ்த்து வீசியிருக்கிறேன். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், சிரித்தால் கோபப்பட மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஆறு வருஷம் ஒரு பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்தேன். நாலு பேர்தான். டெரன்ஸ் பாட்டு, அவன்தான் தலைவன். சமிந்த டிரம்ஸ், அவனுடைய தம்பி கீபோர்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலந்தாவுக்குக் கொஞ்சம் முன்னால், மெயின் ரோட்டோரம் இருக்கிற ஒரு பாரில் மூன்று மணிக்குத் தொடங்குவோம். ஆட வைக்கிற சிங்கள பைலாவும் பழைய இங்கிலீஷ் பாட்டும் நடுவில் இரண்டு தமிழ்ப் பாட்டும். பேஸ் வாசிக்கிறவனை யாரும் கவனிக்க மாட்டார்கள், அவன் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். என்னைக் கவனித்தது ஒரே ஒரு ஆள்தான். அவருக்குக் காது கேட்காது.

முத்துலிங்கம் என்று பெயர். கலேவெலப் பக்கம் கல்லுடைக்கிற இடத்தில் இருபது வருஷம் வெடி வைத்து வைத்து இரண்டு காதும் போய்விட்டது. யட்டவத்தையில் தங்கச்சி வீட்டில் இருந்தார். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கால் போத்தல் சாராயம் எடுத்துக்கொண்டு நேரே என் பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் மேல் விரித்து வைத்துக்கொள்வார். பேஸ் சத்தம் கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார், ஒரு தாளம்கூடப் பிசகாது. நான் எங்காவது தப்பு விட்டால் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார், நம்புங்கள், டெரன்ஸுக்குத் தெரியாத தப்பெல்லாம் அந்த மனுஷனுக்குத் தெரியும். எங்களுக்குள் அவரைப் 'பெட்டி' என்றுதான் சொல்வோம். "பெட்டி வந்துட்டான், ஆரம்பிக்கலாம்" என்பான் டெரன்ஸ், அவருடைய முகத்துக்கு நேராகவே. அவர் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டுவார்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. பார் நிறைய ஆட்கள், வெளியே போக முடியாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். டெரன்ஸும் கொஞ்சம் போட்டிருந்தான். ஒரு பாட்டு முடிந்ததும் மைக்கில், "இப்ப ஒரு வேடிக்கை பாருங்க, யாரும் கை தட்டாதீங்க" என்றான். எங்கள் பக்கம் திரும்பி, "வாசிக்கிற மாதிரி நடிங்கடா. சத்தம் வரக்கூடாது" என்றான்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கிட்டாரில் இருக்கிற வால்யூமை நானே பூஜ்ஜியத்துக்குத் திருப்பினேன். டெரன்ஸ் வாயை மட்டும் அசைத்தான். சமிந்த குச்சியை டிரம்ஸில் படாமல் ஆட்டினான். நான் விரலை ஓட்டினேன்.

முத்துலிங்கம் கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். உள்ளங்கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு இரண்டு கையையும் வைத்தார். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள், அவருக்கு அது பாட்டை ரசித்துச் சிரிக்கிற மாதிரித்தான் தெரிந்திருக்கும். எழுந்து வந்து பெட்டியைக் கட்டிப்பிடித்தார். கன்னத்தை வைத்தார், நெஞ்சை வைத்தார். ஒரு ஆள் மேசையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். அப்புறம் அவர் என்னைப் பார்த்து, காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில் கேட்டார்.

"தம்பி, சத்தம் வருதா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். விரல் நிற்கவே இல்லை.

அவர் இரண்டு உள்ளங்கையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மழையோடு இறங்கிப் போய்விட்டார். அவர் விட்டுப்போன மிச்சச் சாராயத்தைப் பக்கத்து மேசைக்காரன் எடுத்துக் குடித்தான். டெரன்ஸ் மைக்கில், "பெட்டிக்கு பேட்டரி முடிஞ்சிருச்சு" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைப்பானேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மூன்று மணிக்கு முதல் பாட்டை எடுத்தோம், பேஸ் வரவில்லை. பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறது, கிட்டாரில் வால்யூம் முழுக்கத் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. கேபிளை மாற்றினேன். கீபோர்டைக் கழற்றி என் பெட்டியில் செருகினால் கட்டடமே அதிர்கிறது. என் கிட்டாரைக் கீபோர்ட் பெட்டியில் செருகினால் ஒன்றுமில்லை. சரி, கிட்டாரில்தான் பிரச்சினை என்று நினைத்தேன். ஆனால் இதைக் கேளுங்கள், எந்தப் பெட்டியும் இல்லாமல் கம்பியை வெறுமனே சுண்டினாலே சின்னதாக ஒரு சத்தம் வர வேண்டும் இல்லையா? கம்பி விரலுக்கடியில் துடிக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், காதை மரத்தோடு ஒட்டி வைத்துச் சுண்டுகிறேன். ஒன்றுமே கேட்கவில்லை. ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்கிறது, சமையலறையில் கோழி பொரிக்கிற சத்தம் கேட்கிறது, இது மட்டும் இல்லை.

"வாசிடா, சும்மா நிக்காத" என்று டெரன்ஸ் கத்தினான். வேறு வழியில்லாமல் சத்தமே வராத கிட்டாரை நாலேகால் வரை வாசித்துக்கொண்டிருந்தேன். "இவனும் செவிடாயிட்டான் பாருங்க" என்று மைக்கில் சொன்னான். போன வாரம் சிரித்த அதே ஆட்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருகினேன். கணீரென்று வந்தது. ஒரு வயரும் விட்டிருக்கவில்லை, நான் பிரித்தே பார்த்துவிட்டேன்.

புதன்கிழமை பாரில் வெயிட்டராக இருக்கும் சுனில் எனக்கு ஃபோன் எடுத்தான். முத்துலிங்கம் செத்துவிட்டார், அந்த மழை ஞாயிறு அன்றைக்கே, இப்போதுதான் தெரிந்தது என்றான். நான் டெரன்ஸிடம் சொன்னேன். "நாமளா தள்ளி விட்டோம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அடுத்த நாள் கடையை மூடிவிட்டு யட்டவத்தைக்குப் போனேன். அவருடைய தங்கச்சி பார்வதி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும், தனியாக இருந்தார். நான் யார் என்று சொன்னதும் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"பேஸ் தம்பியா? உங்களைப் பத்தித்தான் ஓயாம பேசுவாரு."

எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்திருக்காரு. பின்னால லொறி. ஹோர்ன் அடிச்சா அவருக்குக் கேக்காதுதான் தம்பி, ஆனா தரை அதிர்றது காலுக்குத் தெரியும், டக்குன்னு ஒதுங்கிருவாரு. இத்தனை வருஷம் அப்படித்தான் நடந்தாரு. அன்னைக்கு அதிர்ந்தும் ஒதுங்கல. நடு ரோட்டுலயே நடந்தாராம். ஏன்னுதான் தெரியல."

எனக்குத் தெரியும். கையையும் நெஞ்சையும் வைத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகு, கால் சொல்வதை எப்படி நம்புவார்?

"அன்னைக்கு உங்க பாட்டுக்குத்தானே வந்தாரு, சந்தோஷமா இருந்தாரா தம்பி?"

"சந்தோஷமாத்தான் இருந்தாருக்கா" என்றேன்.

அக்கா அழுதார், ஆனால் நிம்மதியான அழுகை. பிறகு சுவரோரம் இருந்த கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். உள்ளே ஒரு தட்டு நிறையத் தேத்தண்ணிக் கோப்பைகள்.

"சொன்னா சிரிப்பீங்க. இந்த ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு இதெல்லாம் ஆட ஆரம்பிச்சுது. பக்கத்துல மெஷின் ஒன்னும் இல்ல. கையை வச்சுப் பாத்தேன், தாளம் மாதிரியே இருந்துச்சு. நாலேகாலுக்கு நின்னுச்சு. அந்த நேரம் நீங்க வாசிச்சீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப அதுதான். கேக்கணும்னு வீட்டுக்கே எடுத்துக்கிட்டு வந்துட்டாரு" என்று அக்கா சிரித்தார். என் ஃபோன் நம்பரை வாங்கிக் கலண்டரில் எழுதிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமலே திரும்பினேன்.

அதற்குப் பிறகு நான் பேண்டுக்குப் போகவில்லை. கிட்டாரைக் குருணாகலைக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன். டெரன்ஸ் வேறு ஆளைப் போட்டுக்கொண்டான், அவனுக்கு எல்லாம் நன்றாகக் கேட்கிறதாம், ஒரு குறையும் இல்லையாம். இரண்டு வருஷமாகிறது, நான் ஒரு கம்பியைத் தொட்டதில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பார்வதி அக்கா ஃபோன் எடுப்பார். எல்லா வாரமும் இல்லை, மாதத்தில் இரண்டு தடவை. "தம்பி, வாசிக்கிறீங்க போல, கோப்பை ஆடுது" என்பார். நான் "ஆமாக்கா" என்பேன். "சரி சரி, வாசிங்க" என்று வைத்துவிடுவார். அந்த மனுஷிக்கு வேறு யாரும் இல்லை. இல்லையக்கா, என்னிடம் கிட்டாரே இல்லை என்று ஒரு நாள் சொல்லிவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் அதோடு தனியாக எப்படி இருப்பார்?

போன ஞாயிறு ஃபோன் காலையிலேயே வந்தது. கடையில் ஒரு ஃபோனைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். குரல் வழக்கமான மாதிரி இல்லை.

"தம்பி, விடியக்காலையிலருந்து நிக்கவே இல்ல. ரெண்டு கோப்பை விழுந்து உடைஞ்சிருச்சு. எனக்கு நெஞ்சு அடிக்குது. கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா?"

"சரிக்கா, நிப்பாட்டுறேன்" என்றேன்.

அக்கா ஃபோனை வைக்கவில்லை. பின்னால் கண்ணாடி கிணுகிணுவென்று அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. சட்டென்று அது நின்றது.

"ஆ, நின்னுருச்சு. நன்றி தம்பி" என்று சொல்லி வைத்தார்.

என் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான் இருந்தது.