புஷ்பவள்ளி அக்கா தேரேறுன கத

இது நெசமா நடந்த கத. பொய்யின்னா நான் குடிக்கிற இந்தத் தே தாரிக் டீ என் தொண்டையிலயே நிக்கட்டும். கொஞ்சம் இழுத்துச் சொல்வேன், அது வேற. உயரத்த ஏத்துவேன், சத்தத்தக் கூட்டுவேன். ஆளும் எடமும் நடந்ததும் உண்ம. இழுக்காம சொன்னா அது கதையா, போலீஸ் ரிப்போட்லா.

பாகான் டாலாம் புஷ்பவள்ளி அக்காவத் தெரியும்ல? அந்தா, அந்த மேசையில கூட வேல செய்ற பையனோட உக்காந்திருக்காங்களே, அவங்கதான். சொவத்துக்குச் சாயம் அடிக்கிற அக்கா. மத்தவங்க அடிச்சா பாதி சொவத்துக்கு, பாதி தரைக்கு. அக்கா வெள்ளச் சீல கட்டிக்கிட்டு செவப்புச் சாயம் அடிச்சு, அப்படியே கல்யாண வீட்டுக்குப் போய் முன் வரிசையில உக்காரலாம். ஒரு சொட்டு இருக்காது.

போன வருசம் ஆயர் ஈத்தாம்ல ஒரு வீடு. ஏணி எட்டலன்னு மேச மேல ஏணியப் போட்டு ஏறிட்டாங்க. மேச ஒரு பக்கம் போச்சு, ஏணி ஒரு பக்கம் போச்சு, அக்கா நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாங்க. கை முறிஞ்சிருச்சு. கட்டுப் பிரிச்ச அன்னிக்கே மக சாந்தினி கண்டிசன் போட்டுட்டா. அந்தப் புள்ள ஃபேக்டரில சேஃப்டி ஆபீசர். வீட்டுல ஸ்டூல் மேல ஏறி சாமி படத்துக்குப் பூ வச்சாக்கூட மூனு கேள்வி கேப்பா.

"இங்க பாருங்கம்மா," ன்னா. "ஏணி கெடையாது. சுத்திக் கம்பி வச்ச ஸ்கஃபோல்டிங் சாரத்துலதான் ஏறணும். அதத் தள்ளுறப்ப நீங்க தரையில நிக்கணும். இத மீறுனீங்கன்னா பிரஷ்ஷ என் கையில குடுத்துறணும். அதுக்கப்புறம் சாயவேல கெடையாது."

அக்காவும் தண்ணீர்மலை முருகன் மேல சத்தியம் பண்ணிட்டாங்க. வேற வழி? பிரஷ் இல்லன்னா அக்காவுக்குப் பைத்தியமே புடிச்சிரும். கை கட்டுல கெடந்தப்ப, மத்தக் கையால வீட்டுப் பூனைக்கு ரெண்டு கோட்டு அடிச்சிட்டாங்கன்னு பேச்சு.

அப்ப வந்ததுதான் இந்தக் கடக் கூரைக்குச் சாயம் அடிக்கிற வேல. ஆமா, நாம உக்காந்து சாப்புடுற இதே கடதான். தவுக்கே, அதான் கட மொதலாளி, முகம்மது கனி அண்ணன் டவுன்ல இந்தப் பழைய கடவீட்ட எடுத்து, நடு மாடியப் பிரிச்சு, ஒரே ஹாலாக்கிட்டாரு. அண்ணாந்து பாருங்க. கீழேருந்து ஒரு வார்த்த பேசுனா, அது மேல போய்ச் சேர்றதுக்குள்ள என்னத்துக்குப் பேசுனோம்னே மறந்துரும். அந்த உயரத்துல இருக்குற பல்லிங்க, கீழ வர்றதுக்குப் பாஸ்போட் வேணும்னு நெனச்சிக்கிட்டு இருந்துச்சுங்க.

அக்கா சக்கரம் வச்ச ஸ்கஃபோல்டிங்கக் கொண்டாந்தாங்க. சும்மா சொல்லக்கூடாது, முறையாத்தான் செஞ்சாங்க. நாலு சக்கரத்துக்கும் பிரேக் போட்டு, சாயாம இருக்க வெளிப்பக்கம் முட்டுக்கால் வச்சு, இடுப்புல பெல்ட்டு மாட்டி, உள்ளுக்குள்ள இருக்குற படியில ஏறுவாங்க. கை எட்டுற வரைக்கும் அடிப்பாங்க. அப்புறம் எறங்குவாங்க. கூட வேல செய்ற யுகேந்திரன் முட்டுக்காலத் தூக்கி, பிரேக்க எடுத்து, கொஞ்சம் தள்ளி, திரும்பப் பூட்டுவான். அக்கா திரும்ப ஏறுவாங்க. ஏறி எறங்கி ஏறி எறங்கி, முட்டி ரெண்டும் பழைய கதவு மாதிரி கிறீச் கிறீச்னு கத்துது. வெளிய ஆஞ்சன் ரோட்டுல போறவன் பிரேக் சத்தம்னு ஒதுங்கி நின்னான்.

கனி அண்ணனுக்கு இருப்புக் கொள்ளல. மறுநாள் கட தொறப்பு, துஆ ஓதி ஊருக்கே சாப்பாடு. கூரையில பாதி வெள்ள, பாதி கருப்பு.

"அக்கா, எறங்காதீங்க," ன்னாரு. "அப்படியே உக்காருங்க. நாங்க தள்ளிர்றோம்."

"வேணாண்ணே. சத்தியம் பண்ணிருக்கேன்."

"இங்கதானே, அடுத்த தூணு வரைக்கும். பினாங்கு பாலம் தாண்டியா போகப் போறீங்க?"

யுகேந்திரன் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "தைப்பூசத்துக்குத் தேர் இழுக்குறோம்ல? நம்மகிட்ட இல்லாத கைப்பழக்கமாக்கா," ன்னுட்டான்.

அக்கா கீழ பாத்தாங்க. படியப் பாத்தாங்க. முட்டியப் பாத்தாங்க. மேல பலகையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க.

அவ்ளோதான். சமையக்கட்டுல இருந்த ஆளுங்க அத்தன பேரும் வந்துட்டாங்க. கோழி கழுவுனவன் கோழியோட வந்தான். முட்டுக்கால் இடிக்குதுன்னு அத ஓரமா எடுத்துப் போட்டாங்க. நல்லாக் கேளுங்க, முட்டுக்கால எடுத்துட்டாங்க. அப்புறம் ஏலேலோன்னு தள்ளுனாங்க. அக்கா மேல பிரஷ்ஷப் புடிச்சிக்கிட்டு, சாமி மாதிரி அசஞ்சு அசஞ்சு போறாங்க. ஒரு கையத் தூக்கி ஆசீர்வாதம் வேற. பக்கத்துக் கட சீனன் அங்கிள் எட்டிப் பாத்துட்டு, தைப்பூசம் முன்னாடியே வந்துருச்சுன்னு ஒடைக்கத் தேங்கா எடுக்க ஓடுனாரு.

மொத தடவ நல்லாப் போச்சு. ரெண்டாந்தடவ இன்னும் நல்லா. மூனாந்தடவ சந்தோசத்துல யாரும் தரையப் பாக்கல.

பழைய கடவீட்டுல நடுவுல மழத்தண்ணி எறங்குற எடம் இருக்கும்ல, அந்தத் தண்ணி ஓடுற காவா அங்க இருந்துச்சு. மேல பலகதான் மூடிருந்துச்சு. சக்கரம் ஏறுச்சு, பலக மடக்குனு ஒடஞ்சு உள்ள போச்சு. ஸ்கஃபோல்டிங் ஒரு பக்கமாச் சாஞ்சு, மேல்கம்பி போய் தூணுல டங்குனு முட்டி நின்னுச்சு. தூணு மட்டும் அங்க இல்லன்னா நான் இப்ப வேற மாதிரி கத சொல்லிக்கிட்டு இருப்பேன். சுத்திக் கம்பி இருந்ததால அக்கா வெளிய போகல, கம்பிய ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க. சாய வாளிக்குக் கம்பியும் இல்ல, பெல்ட்டும் இல்ல. அது நேரா எறங்கி கனி அண்ணன் தலையில கவுந்துச்சு. இட்லி மாவுல முக்கி எடுத்த மாதிரி நின்னாரு மனுசன். உள்ளேருந்து வந்த அவரு சம்சாரம் சலேஹா அக்கா, யாரு நீங்க, கட நாளைக்குத்தான் தொறக்கும்னுட்டாங்க.

எல்லாருமாச் சேந்து அடியப் புடிச்சிக்கிட்டாங்க. அக்கா ஒவ்வொரு படியா எறங்குனாங்க. எறங்கி, அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. சிரிப்பெல்லாம் நின்னு போச்சு.

"அடி பட்டுச்சாக்கா?" ன்னு கிட்ட ஓடியாந்தான் யுகேந்திரன்.

"அடியெல்லாம் இல்லடா. சாந்தினிக்குத் தெரிஞ்சா இதான் நான் அடிக்கிற கடைசிக் கூர." பாதி வெள்ளையா கெடந்ததப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. "இப்படிப் பாதியில போய் முடியுதே."

கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே எந்திரிச்சாங்க. முட்டுக்கால எடுத்தாந்து மாட்டச் சொன்னாங்க, வாளியக் கயித்துல கட்டுனாங்க. காவா மேல இரும்புத் தகடு போட்டாங்க. மிச்சக் கூர முழுக்க ஏறி எறங்கி ஏறி எறங்கித்தான் அடிச்சாங்க. முட்டி கத்துனது கத்துனபடி. ஒவ்வொரு தடவையும் கீழ முட்டி போட்டு பிரேக் பூட்டுனது யாரு? தலையில காஞ்ச சாயத்தோட நம்ம தவுக்கே.

இது சாந்தினி காதுக்குப் போகக்கூடாதுன்னு அன்னிக்கே எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நான் ஒருத்தன்தான் ஓட்ட வாயி, நானே இவ்ளோ நாளா...

ஏன் எல்லாரும் எனக்குப் பின்னால பாக்குறீங்க?

"தள்ளுறப்ப மேலயா இருந்தீங்க?" அம்மாவக் கூட்டிட்டுப் போக வந்த சாந்தினி, காடிய வெளிய நிறுத்திட்டு, சாவியோட நிக்கிறா. "பிரஷ்ஷக் குடுங்க."

"எதுக்குடி? இவன் சொல்றத நம்புறியா? மழ பேஞ்சாலே வெள்ளம்பான்," ன்னாங்க அந்த மேசையில இருந்த புஷ்பவள்ளி அக்கா.

"அப்ப மேல இல்லையா?"

"இருந்தேன். நான் எங்கடி நகந்தேன்? உக்காந்த எடத்துலதான் இருந்தேன். அதுதான் நகந்துச்சு."

"தங்கச்சி, விழுந்தது வாளிதான், அக்கா இல்ல," ன்னாரு கனி அண்ணன், கல்லாவுல இருந்து.

"தள்ளச் சொன்னதே நீங்கதானாமே?"

"நானா? தேருன்னு சொன்னது யுகேந்திரன்மா."

"அண்ணே, தேருன்னுதான் சொன்னேன். முட்டுக்கால எடுன்னு சொன்னது யாரு?" ன்னான் அக்கா பக்கத்துல இருந்த யுகேந்திரன்.

"உன் கண்ணு எங்க இருந்துச்சு? காவா உன் பக்கம்தானே?"

"என் பக்கமா? கோழியத் தூக்கிட்டு வந்து மறச்சது உங்க ஆளு."

"கோழி மேல பழி போடாத," ன்னு சமையக்கட்டுல இருந்து ஒரு கொரல்.

"பிரஷ்ஷு," ன்னு கைய நீட்டிக்கிட்டே நிக்கிறா சாந்தினி. அக்கா பிரஷ் இருக்குற பைய ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிக்கிட்டு, "தர மாட்டேன் போடி," ங்குறாங்க.