அடியைத் திருப்பிப் பார்ப்பவர்கள்

போன சனிக்கிழமை வென்ட்வேர்த்வில்லில் நண்பர் குகன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஜப்பானில் பத்து நாள் சுற்றிவிட்டு வந்த கையோடு, அவருக்கென்று வாங்கிய தேநீர்க் கிண்ணத்தைக் கொடுத்தேன். நீல அலை வரைந்த அழகான கிண்ணம்.

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்!

"சைனாவில செய்ததெண்டெல்லோ போட்டிருக்கு?"

அவருடைய மகள் இன்னும் ஒரு படி மேலே. போனில் ஒரு படம் எடுத்தாள், இரண்டு தட்டுத் தட்டினாள். "அங்கிள், சேம் கப் சிட்டியில இருக்கு. த்ரீ டொலர்ஸ்."

எனக்கு வந்ததே கோபம்!

பயணம் சொல்லப் போன அன்று, "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், சின்னனா ஏதும் கொண்டு வாங்கோ" என்றவர் இதே குகன்தான். சின்னதாகத்தானே கொண்டுவந்தேன்? 'ஒன்றும் வேண்டாம்' என்பதற்கும் 'ஏதும் கொண்டு வாங்கோ' என்பதற்கும் நடுவில் நான் எந்தக் கடையில் போய்ப் பொருள் தேடுவது?

நாங்கள் ஜப்பான் பார்க்கப் போனோமா, இவர்களுக்குச் சாமான் வாங்கப் போனோமா? கையில் பதினெட்டு வீட்டுப் பட்டியல். எதை எடுத்தாலும் நூறு யென் என்று ஒரு கடை – அதற்குள் இரண்டு முழுப் பகல் கூடையும் கையுமாக அலைந்தேன். விசிறி, கைக்குட்டை, சொப்ஸ்டிக்... ஃபூஜி மலையைக்கூடப் பார்க்கவில்லை. முகில் மூடிவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மனைவிக்குத்தான் உண்மை தெரியும். "கடைக்குள்ள நிண்டா மலை எப்பிடித் தெரியும்?" என்கிறாள்.

இவ்வளவு பாடுபட்டவனுக்கு மூன்று டொலர் என்று தீர்ப்பு! அன்பாகக் கொடுத்ததை விலை பார்க்கும் இந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கே தொற்றியது? யாராவது பெட்டி திறந்தால் ஓடி வருகிறோம். திறந்ததும் தராசைத் தூக்குகிறோம்.

அதே கொதிப்போடு, அடுத்த தெருவில் இருக்கும் சிவமலர் அன்ரி வீட்டுக்குப் போனேன். அவருடைய மகன் நிரந்தர விசா கிடைக்காமல், பல வருடங்களாகத் தற்காலிகப் பிரிட்ஜிங் விசாவில் இழுபடுகிறான். பதினெட்டு வீட்டிலும் இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "தம்பி, அங்கத்தைக் கோயிலில காவலுக்கு ஒரு சின்னப் பை குடுப்பினமாம். மகன்ர விசாவுக்கு நேந்து ஒண்டு வாங்கிக்கொண்டு வாறியளே?"

கொடுத்தேன். சிவப்புத் துணி, தங்க நூல். அன்ரி அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். சாமியறைக்குள் போய் முருகன் படத்தில் மாட்டிக் கற்பூரம் கொளுத்தினார்.

"பொடியன்ர பேரோட உங்கட பேரையும் சொல்லிக் கும்பிட்டனான், தம்பி. அவ்வளவு தூரத்தில நிண்டும் எங்களை நினைச்சு வாங்கியிருக்கிறியள்."

ஓம், வாங்கியிருக்கிறேன். கோயிலில் நீண்ட வரிசை. விலையும் பல மடங்கு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதானே என்று... அதையும் அந்த நூறு யென் கடையிலேயே எடுத்துக் கூடையில் போட்டுவிட்டேன். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, பின்பக்கத்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டியதும் நான்தான்.

குகன் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அன்ரி மேல் அதைவிடக் கோபம் – அவராவது ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா?