பதினான்கு பேருக்கு ஒரு சொல்

சென்ற வாரம் மணவாள நகர்க் கடை ஒன்றில் நான் வாங்கிய போண்டா, ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் கிழிந்த தாளில் சுற்றப்பட்டு வந்தது. எண்ணெய் ஊறிய இடத்திலும் எழுத்துகள் தெளிவாக இருந்தன. கூட்டங்களைக் குறிக்கும் பெயர்களின் பட்டியல் அது. சிங்கங்கள் கூடினால் 'பிரைட்', மீன்கள் கூடினால் 'ஸ்கூல்', காகங்கள் கூடினால் 'மர்டர்'. போண்டா ஆறிப்போயிற்று, நண்பரே. நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏனெனில் இதே பட்டியலை ஒரு காலத்தில் மனப்பாடம் செய்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் பழைய புத்தகம் ஒன்றை வாங்கி, வேலைக்குப் போகும் பேருந்தில் உதடசைத்துப் படித்தேன். அன்றும் குழப்பம்தான். நீதிபதிகள் கூடினால் 'பெஞ்ச்', இயக்குநர்கள் கூடினால் 'போர்டு' என்றிருந்தது. உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் ஏன் மரச்சாமான்களின் பெயரை வைத்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் வாயிலில் வருகைப் பதிவேடு எழுதினேன். மழை விழுந்ததும் பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு துரு வாசனை எழும். என் சட்டையிலும் சோற்றிலும் அது இருந்தது. அந்த இரும்பை லாரியிலிருந்து இறக்கப் பதினான்கு பேர் வருவார்கள், பெரும்பாலும் எளாவூர்ப் பக்கத்தவர். எனக்கு முன்பிருந்த எழுத்தர் ஒவ்வொரு பெயரையும் கூவி அழைத்து, "கீறேன்" என்ற பதில் வந்த பிறகே எழுதுவார். அதற்கே அரை மணி நேரம் போகும். நான் வந்ததும் சீர்திருத்தம் செய்தேன். தலைகளை எண்ணி, 'ஒன் கேங் ஆஃப் லேபரர்ஸ், 14' என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்தேன். கையெழுத்தும் அழகாகவே இருந்தது.

அவர்களுடைய மேஸ்திரி ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

"இன்னா ரைட்டரே, எங்க பேரெல்லாம் காணோம்?"

"அத்தனை பேரும் இந்த ஒரு வார்த்தைல அடக்கம் மேஸ்திரி. இதான் சுத்தமான இங்கிலீஷ்."

"ஆட்டு மந்தைக்கு இன்னா எழுதுவ?"

"ஃப்ளாக்."

"அப்ப நாங்க ஆடு இல்ல. சரி, எழுதிக்கினு போ."

எல்லோரும் சிரித்தார்கள். வெயிலில் வரிசையாக நிற்கும் தொல்லை தீர்ந்ததில் அவர்களுக்கும் மகிழ்ச்சியே.

ஆறு ஆண்டுகள் அப்படிச் சென்றன. பிறகு, ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவர்களை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் அறிவித்தது. அன்று ஏழுமலை சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். அதிகாரி என் பதிவேடுகளைப் புரட்டினார்.

"இதுல ஆளுங்க பேர் எங்கய்யா?"

ஏழுமலை அந்த ஆங்கில வரியின் மேல் விரலை வைத்தார். "நாங்கதான் சார் அது."

"கேங்குக்கு எப்படிப்பா ஆர்டர் அடிக்கிறது? ஆளுக்குத்தான் அடிக்க முடியும்."

பதினான்கு பெயர்களையும் நானே சொல்கிறேன் என்று முன்வந்தேன். வாயால் சொல்வது பதிவேடு ஆகாது என்றார்கள். கூலியும் மேஸ்திரி கையில் மொத்தமாகவே போனதால், வேறு எந்த ஏட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. ஒருவருக்கும் ஆணை வரவில்லை. வாயிலுக்கு வெளியே ஏழுமலை என் தோளைத் தட்டினார். "உடு ரைட்டரே, பேஜாராவாத. நீ இன்னா, வேணும்னா பண்ணே?"

வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் அது எந்த நாளில் தவறாக மாறியது? அரை மணி நேரத்தை மிச்சப்படுத்திய முதல் நாளிலா? அவர்கள் சிரிப்பை ஒப்புதல் என்று நான் எடுத்துக்கொண்ட போதா? யோசிக்க யோசிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது.

இன்று அந்த வாயிலில் பதிவேடும் இல்லை, "கீறேன்" என்ற குரலும் இல்லை. வேன்களில் வந்து இறங்குகிறவர்கள் ஓர் இயந்திரத்திடம் முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். அவர்கள் கூட்டத்துக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை; தேடவும் அச்சமாக இருக்கிறது.

போண்டாத் தாளைக் காயவைத்து, அதன் ஓரத்தில் அந்தப் பதினான்கு பேரின் பெயர்களை எழுதத் தொடங்கினேன். நான்கு நாட்களில் பதிமூன்று வந்துவிட்டன. பதினான்காமவர் பழவேற்காட்டில் வலையை விட்டுவிட்டு இரும்புக்கு வந்தவர். ஒருமுறை எனக்கு நண்டு கொண்டுவந்து தந்து, "ஓட்ட ஒடைச்சித் துன்னணும் ரைட்டரே, நோட்டு எழுதற மாரி இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். அந்த முகம் அப்படியே நிற்கிறது, பெயர் வரவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், அதை எழுதி வைத்திருக்க வேண்டியவன் நான்தான்.