சிமிட்டிக்காரி வீட்டு மண் சுவர்

எனக்கு வாய் நீளம். கல்யாணமான புதிதில் இன்னும் கூடுதல். திண்டிவனத்துக் கடைவீதிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் என்கிற மிதப்பு வேறு. விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூர் போகும் வழியில் ஒரு சின்ன கிராமத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மண் சுவர், நாட்டு ஓடு, சாணி மெழுகிய தரை. வந்த முதல் வாரமே வீட்டுக்காரரைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டேன். என் தொல்லை தாங்காமல் மறு வருஷம் கூடத்துக்குச் சிவப்புச் சிமெண்ட் தரை போட்டு, நாலு சுவருக்கும் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசிக் கொடுத்தார். ஐம்பதுகளின் பின்பாதி அது. தெருவில் அப்படியொரு தரை வேறு யாருக்கும் கிடையாது. ‘சிமிட்டிக்காரி’ என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். கேலிதான். நான் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் நடவு முடிந்த கையோடு நெருப்பு வாங்க உள்ளே வந்தார். என் சிவப்புத் தரையில் இரண்டு சேற்றுத் தடம். கூடத்தில் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். “மண் காலோட வராதீங்கக்கா, இது சாணித் தரை இல்ல” என்றேன். அவர் வந்த வழியே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எதற்காக வந்தாலும் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் வெட்கக்கேடு.

அந்த ஐப்பசியில் ஏரி உடைந்தது. நாங்கள் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் இருந்தோம். தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால், சமையல்கட்டு இருந்த இடத்தில் ஓட்டுக் குவியல்தான் கிடந்தது. கூடம் மட்டும் நின்றது, முழங்கால் அளவு சேற்றோடு. நெல் மூட்டைகள் ஊறி முளைவிட்டு நாறின.

அத்தை, அதாவது என் மாமியார், சேற்றைப் பார்த்து அழவில்லை. மகளை நினைத்துத்தான் அழுதார். என் நாத்தனார் அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்கு இங்கே வர வேண்டியவள். அவள் புகுந்த வீட்டில் போன வருஷம்தான் ஓரகத்தி பிரசவத்தில் செத்துப்போனாள். அதே அறையில் தானும் படுக்க வேண்டுமா என்று இவளுக்கு உயிரே இல்லை. “எப்பிடியாவது என்னெ இட்டுக்கினு போய்டும்மா” என்று ஆள் மேல் ஆளாகச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தாள். மார்கழி பிறந்துவிட்டால் பெண்ணை அழைத்து வர மாட்டார்கள். கார்த்திகை முடிவதற்குள் வீடு வீடாக ஆக வேண்டும்.

நான் விடுவேனா? இரண்டே நாளில் சேற்றை வாரிக் கொட்டி, தேங்காய் நாரால் தரையைத் தேய்த்து, சிமெண்ட் பூச்சின் மேல் சுண்ணாம்பும் அடித்துவிட்டேன். பக்கத்து வீடுகளின் மண் சுவரெல்லாம் கறுத்துப்போய் அழுதுகொண்டிருந்தன. என் கூடம் பளிச்சென்று இருந்தது. “பாத்தீங்களா அத்தை, சிமெண்ட்டுன்னா சிமெண்ட்டுதான்” என்று பீற்றிக்கொண்டேன். அத்தையும் நம்பி, அழைக்க வருகிறோம் என்று மகளுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் போனது. தெருவில் எல்லார் சுவரும் வெளுத்துக் காய்ந்தது. என் சுவர் வியர்க்க ஆரம்பித்தது. சுண்ணாம்பு பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. ஒருநாள் காலை தெற்குச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அத்தை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கொத்தனாருக்கு ஆள் விட்டோம். ஊரெல்லாம் விழுந்து கிடக்கும்போது அவர் எங்கே வருவார்? எதிர்வீட்டு அக்கா நிலைப்படிக்கு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தார். அவர் வீட்டுப் பின்சுவரே இடிந்து கிடந்தது. கை, கால், முகமெல்லாம் சேறு.

“உள்ள வர்லாமா?” என்றார்.

குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வாசலில் கிடந்த சாக்கில் காலை அழுத்தித் துடைத்துவிட்டு வந்து, சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார்.

“உள்ள மண்ணு கூழாட்டம் ஊறிக்கினு இருக்குது. மேல சிமிட்டிய போத்திக்கினா ஈரம் எந்தப் பக்கம் போவும்? எங்க சொவரு தண்ணி குடிச்சிது, மூச்சு வுட்டுது, காஞ்சிது. இதுக்கு மூக்கையே அடைச்சிட்டியேம்மா” என்றார். பிறகு, “ஒடைச்சி எடுக்கணும். ஜல்தியா எடுக்கணும்” என்றார்.

என் சிமெண்ட்டை நானே உடைத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. முதல் அடிக்கு அழுகை வந்தது, இரண்டாவது அடிக்குக் கோபம் வந்தது, அப்புறம் கை வலிதான் தெரிந்தது. பூச்சு தகடு தகடாக வந்தது. அதன் பின்னால் மண் சொதசொதவென்று சரிந்தது. தரைக்கடியிலும் தண்ணீர் அரித்துக் குழியாகிக் கிடந்ததால் அதையும் பெயர்த்துப் போட்டோம்.

அடுத்த நாள் அக்கா தெருப் பெண்கள் மூன்று பேரோடு வந்தார். அவரவர் வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள். என் வீட்டுக்காரர் உத்தரத்துக்குப் பனங்கட்டை முட்டுக் கொடுத்தார். ஊறிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் அடைக்க வேண்டும். அந்த மண்ணில் உமியும் வைக்கோலும் போட்டு, தண்ணீர் விட்டு, இரண்டு நாள் புளிக்க வைத்து, காலால் மிதித்துக் குழைக்க வேண்டும். நானும் இறங்கினேன். நாலாவது மிதியில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன்.

“சிமிட்டிக்காரி உழுந்துட்டாடியோ!” என்று ஒருத்தி கத்த, எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளம் வந்ததிலிருந்து அத்தை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரே நாளில் அடைத்தால் உட்கார்ந்துவிடும் என்று ஒரு நாளைக்கு ஒரு முழத்துக்கு மேல் அக்கா விடவில்லை. கார்த்திகை மழையும் எங்கள் மேல் கொஞ்சம் இரக்கப்பட்டது. சுவர் காய்ந்தது. மிதித்து மீந்த மண்ணையே தரைக்கும் போட்டு இடித்து, சாணி மெழுகினோம். கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது நாத்தனார் வண்டியில் வந்து இறங்கினாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். “நம்ம வூடு வாசன வருது அண்ணி” என்றாள்.

சுவர் அடைத்துக் கொடுத்த அந்தப் பெண்கள் யாரும் எங்கள் சொந்தமில்லை. கைம்மாறாக என்ன செய்தேன் என்று யோசித்தால் மோர் கொடுத்தது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. இன்றைக்கு நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தை பிறந்த நாலாம் நாள் மத்தியானம் நாத்தனாருக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்துவிட்டாள். பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கத் தெம்பான ஆள் வேண்டும் என்றாள். அத்தைக்கு அந்தத் தெம்பு இல்லை. “எதுத்த வூட்டு அக்காவ கூப்புடுங்க” என்று நாத்தனார் கத்தினாள். நான் கழனிக்கு ஓடினேன்.

நவரைப் பட்டத்து நடவு நடந்துகொண்டிருந்தது. அக்கா நாற்று முடியை அப்படியே போட்டுவிட்டு என் முன்னால் ஓடினார். வீட்டு நிலைப்படிக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிட்டார். முழங்கால் வரை சேறு. தண்ணீர்க் குடத்தைத் தேடினார். உள்ளே நாத்தனார் அலறிக்கொண்டிருக்கிறாள்.

“வாங்கக்கா!”

“காலு சேறும்மா…”

“இது உங்க காலு மிதிச்ச மண்ணுதாங்கக்கா, வாங்க!” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அத்தை அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் காலை சாணி கரைத்துக் கூடத்தை மெழுகினேன். நிலைப்படியிலிருந்து நாத்தனாரின் பாய் வரைக்கும் அக்காவின் சேற்றுத் தடங்கள் காய்ந்து கிடந்தன. அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் மெழுகிக்கொண்டு வந்தேன்.

“அந்தத் தடத்த இன்னாத்துக்கு வுட்டுட்ட?” என்றார் அத்தை.

“நாளைக்கு மெழுகறேன், அத்தை” என்றேன்.