பள்ளத்து மலையில் காற்றில்லை

விஜயகலா கத்தியைத் தீட்டிய கையோடு, இடுப்புக் கயிற்றில் ஒரு வெறும் மீன் டின்னைக் கட்டிக்கொள்கிறாள். உள்ளே நுளம்புச் சுருள் புகைகிறது. கட்டுவது முதுகுப் பக்கம்தான். ஏன் என்றால், கேட்டவரையே முறைப்பாள்.

"கொசு என்னா மொகத்தப் பாத்தா வருது? நம்ம மூச்சையும் வேர்வையையும் காத்து எங்கிட்டு இழுத்துட்டுப் போவுதோ, அங்கிட்டிருந்து மோந்துகிட்டே வரும்."

அதனால் காற்றுக்கு எதிர்முகமாக ஏறித்தான் அவள் றப்பர்ப் பால் வெட்டுவாள். வாசமும் பின்னால் போகும், புகையும் பின்னால் போகும்.

ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர்த் தோட்டம் அது. அவள் வெட்டும் பகுதியான மேட்டு மலையில் காற்றுக்குக் குறைவில்லை. கீழே பள்ளத்து மலையிலோ ஓர் இலை அசையாது. விட்ட மூச்சு ஆளைச் சுற்றியே நிற்கும். அதுவும் போதாதென்று, வெட்டை நிறுத்திய கிழட்டு மரங்களில் பால் சிரட்டைகளைக் கவிழ்க்காமலே விட்டுவிட்டார்கள். சிரட்டைக்குச் சிரட்டை மழைத்தண்ணீர், அதில் நெளிகிற புழு. அங்கே வெட்டிய அடுத்த வீட்டு நிரோஷா, டெங்கு கண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்தாள். இன்னொரு தரம் வந்தால் உடம்பு தாங்காது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்தவளைத் திரும்பவும் அதே பள்ளத்துக்குப் போட்டார் கங்காணி பழனிமுத்து. சிரட்டையைக் கவிழ்க்க ஆள் கேட்டதற்கு, லயக் குடியிருப்பு ஆட்கள் ஒழுங்காகக் குளித்தால் கொசு ஏன் வருகிறது என்றார். அடுக்குமா இந்தப் பேச்சு?

அந்தச் சொல்லுக்குக் கூசிப்போன நிரோஷா, இன்றைக்கு வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்து, பவுடரும் அப்பிக்கொண்டு, ஆள் பிரிக்கும் பெரட்டில் வந்து நின்றாள். விஜயகலா கிட்டே போய் முகர்ந்து பார்த்தாள்.

"ஏன்டி, கல்யாணத்துக்கா போற? பூ மணத்துக்கும் வரும்டி அது."

பிறகு கங்காணியின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, இவ மேட்டுக்குப் போகட்டும், பள்ளத்துல நான் எறங்குறேன். ஆனா செரட்டைய எல்லாம் கவுத்துப்புட்டுத்தான் மரத்துல கத்திய வைப்பேன்."

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார் கங்காணி. "பால் வராட்டி இன்னிக்குப் பேரும் விழாது, சம்பளமும் இல்ல."

"விழலன்னா போவுது. ஒங்க கண்ணால வந்து பாருங்க."

டின்னை அவிழ்த்து நிரோஷாவின் முதுகுப் பக்கம் இறுக்கி முடிந்துவிட்டாள். புகையில்லாமல் பள்ளத்தில் இறங்கினாள். முணுமுணுத்துக்கொண்டே கங்காணியும் வந்தார். முதல் மரத்துச் சிரட்டையை எடுத்து, புழுவும் தண்ணீருமாக அவருடைய சப்பாத்துக் காலின் மேலேயே கவிழ்த்தாள்.